ரோடு போட்டவரின் பிடில்

1966-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநில நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒரு தொழிலாளி ஓய்வு பெற்றார். பெயர் டாமி ஜாரெல். 41 ஆண்டுகள் கிரேடர் வண்டி ஓட்டி மலைச்சாலைகளைச் சமன் செய்தவர். மறு ஆண்டே மனைவி நைனா இறந்துபோனார். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வாழ்க்கைக்குப் போய்விட்டிருந்தார்கள். டோஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு சின்ன வீடு, கொஞ்சம் ஓய்வூதியம், ஒரு பழைய பிடில். அறுபத்தாறாவது வயதில் அவரிடம் மிஞ்சியவை இவைதாம்.

அதன் பிறகு அவர் வாழ்ந்தது 18 ஆண்டுகள். அமெரிக்கா அவரைக் கண்டுகொண்டது அந்தப் பதினெட்டு ஆண்டுகளில்தான். அதற்கு முன்பே அவர் முழு இசைக்கலைஞர். தெரிந்தவர்கள் உறவுக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் மட்டுமே. நாட்டார் கலைஞர்களுக்கான தேசிய மரபு விருதை அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் 1982-ல் முதன்முதலாக வழங்கியபோது, அந்த முதல் வரிசையில் இருந்த 15 பேரில் ஜாரெலும் ஒருவர். வாழ்நாளில் ஒருநாளும் இசையைப் பிழைப்பாகச் செய்யாத ஒரு சாலைத் தொழிலாளிக்கு அந்த மரியாதை கிடைத்தது.

அவர் வாசித்ததை அமெரிக்காவில் 'ஓல்ட் டைம்' இசை என்பார்கள். பழங்கால இசை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது எல்லாப் பழைய பாட்டையும் குறிக்காது. தென்கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரிலும் அதன் அடிவாரங்களிலும், வானொலி வருவதற்கு முன் வீடுகளில் வாசிக்கப்பட்ட பிடில், பாஞ்சோ இசைதான் அது. ஆடுவதற்காக உண்டானது. பிரிட்டன், அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் பிடிலையும் பல மெட்டுகளையும் கொண்டுவந்தார்கள். பாஞ்சோவின் மூதாதைகளை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் கொண்டுவந்தார்கள். சுரைக்குடுக்கையில் தோல் கட்டி, கழி சொருகி, தந்தி பூட்டிய கருவி அது. இந்த இரண்டு கருவிகளும் ஒன்றாகச் சேர்ந்ததில் பிறந்த இசை என்பதால், இது தனி வெள்ளையர் சொத்தும் இல்லை, தனிக் கறுப்பர் சொத்தும் இல்லை. பின்னால் வந்த வியாபாரம் அதை அப்படிப் பங்கு போட்டது. பிறகு அந்தக் கதைக்கு வருவோம்.

ஜாரெல் பிறந்தது 1901 மார்ச் 1-ஆம் தேதி. ஊர், வர்ஜீனியா மாநில எல்லையை ஒட்டிய சர்ரி மாவட்டத்தில் ரவுண்ட் பீக் என்னும் மலைப்பகுதி. பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளை. அப்பா பென் ஜாரெல் அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற பிடில்காரர். சித்தப்பா சார்லி ஜாரெலும் பிடில் வாசிப்பார். அப்பாவின் கூட்டாளி சார்லி லோ பாஞ்சோவில் கெட்டிக்காரர். இப்படி ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தனியாக வாத்தியார் எதற்கு?

ஆனாலும் முதல் பாடம் அப்பாவிடமிருந்து வரவில்லை. பண்ணை வேலைக்கு வந்த பாகி காக்கர்ஹாம் என்ற கூலியாள்தான் எட்டு வயதுப் பையனுக்கு பாஞ்சோ சொல்லிக்கொடுத்தார். பையன் நன்றாக வாசிப்பதைப் பார்த்த அப்பா அவனுக்கென்று ஒரு பாஞ்சோ வாங்கித் தந்தார். அப்பா பிடில் வாசிக்க மகன் பாஞ்சோ வாசிப்பது என்று சில காலம் போயிற்று. பதின்மூன்று வயதில் பிடில் மீது ஆசை திரும்பியது. 1915-ல் பத்து டாலர் கொடுத்துச் சொந்தப் பிடில் வாங்கினார். அந்தப் பிடில் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அப்பா, சித்தப்பா தவிர, அக்கம்பக்கத்துக் கிழவர்களிடமும் அவர் கற்றார். அவர்களில் சிலர் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்கள். 1840களில் பிறந்த ஒருவரின் கைவாகு, நேருக்கு நேர் உட்கார்ந்து, ஜாரெலின் விரல்களுக்கு வந்தது. அதே கைவாகை 1980களில் அவரிடமிருந்து கற்றவர்கள் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 180 ஆண்டு நீளமுள்ள ஒரு சங்கிலியில் நடுக் கண்ணி ஒரே ஒரு மனிதர். எழுத்துக் குறிப்பு எதுவும் நடுவில் இல்லை. ஜாரெலின் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்வது இந்தச் செய்தி.

ரவுண்ட் பீக் மக்களுக்குக் கிறிஸ்துமஸ் ஒருநாள் பண்டிகை அல்ல. டிசம்பர் 25-ல் தொடங்கி, பழைய நாள்காட்டிக் கணக்கில் கிறிஸ்துமஸ் விழும் ஜனவரி 6 வரை நீளும். ஒவ்வொரு இரவும் ஒரு வீடு. அந்த வீட்டின் அறையிலிருந்து கட்டில், மேசை எல்லாவற்றையும் வெளியே தூக்கி வைத்துவிடுவார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள நிலைவாசலில் பிடில்காரரும் பாஞ்சோக்காரரும் உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டு பக்கமும் ஆட்டம் நடக்கும். வீட்டார் சாப்பாடு போடுவார்கள். மறுநாள் கூட்டம் அடுத்த வீட்டுக்குப் போகும். இப்படிக் கிறிஸ்துமஸை முடித்து அனுப்பிவைக்கும் இந்த வழக்கத்தின் பெயரிலேயே ஒரு மெட்டு உண்டு. ஜாரெல் வாசித்தவற்றில் அது புகழ்பெற்றது.

மைக் கிடையாது. இரண்டு அறை நிறைய ஆட்கள் பலகைத் தரையில் குதித்து ஆடும் சத்தத்துக்கு மேலே பிடில் கேட்கவேண்டும். இந்த இசையின் அமைப்பை விளக்க இதைவிட நல்ல காரணம் இல்லை. பிடில்காரர் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளின் மேல் வில்லைப் போடுவார். ஒன்றில் மெட்டு ஓடும்; மற்றொன்று தம்புராவைப் போல விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். வில்லின் குட்டைக் குட்டை அசைவுகளிலேயே தாளமும் இருக்கும். ஜாரெலின் வில்வீச்சு அதில் தனி வகை. ஒரு சுரத்தை வில்லாலேயே உலுக்கி, அடுத்த சுரத்துக்குத் தள்ளிவிடுவார்.

இங்கே தமிழ் வாசகர்களுக்குத் தெரியவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மேற்கத்தியச் சாஸ்திரிய இசையில் வயலினின் நான்கு தந்திகளையும் ஐந்தைந்து சுர இடைவெளியில் வைப்பார்கள். அப்பலாச்சிய மலைக்காரர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. பாட்டுக்கு ஏற்றபடி பிருடையைத் திருப்பிச் சுருதியை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பிடித்தமான ஒரு சேர்க்கை ஏ-ஈ-ஏ-ஈ. நம் கணக்கில் சொன்னால் ச-ப-ச-ப. கர்நாடக இசை வயலினுக்கும் அதே ச-ப-ச-ப தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த காலத்துக்கு முன்னும் பின்னும், உலகின் மறுபக்கத்தில் மலைவாசிகள் அதே கருவியை அதே வகையில் தங்களுக்கு ஏற்றதாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒருவரைத் தெரியாது. ஆதார சுருதி எப்போதும் காதில் இருக்கவேண்டும் என்ற ஆசை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

பாஞ்சோ வாசிக்கும் முறையும் அப்படித்தான் தனி. தந்தியை மேல்நோக்கிச் சுண்டுவதில்லை. கையைக் கூட்டிப் பிடித்து, விரல் நகத்தால் தந்தியை மேலிருந்து கீழாகத் தட்டுவார்கள். கட்டைவிரல் ஐந்தாவதான குட்டைத் தந்தியைச் சுண்டிக்கொண்டே இருக்கும். இந்தக் கைவாகு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இன்றும் அங்கே அக்கோன்டிங் முதலிய கருவிகளை இப்படித்தான் வாசிக்கிறார்கள். ரவுண்ட் பீக்கில் இன்னொரு சிறப்பும் உண்டு: விரல் எங்கே அழுத்தவேண்டும் என்று காட்டும் குறுக்குக் கம்பிகள் இல்லாத பாஞ்சோ. ஆகவே சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாம், பிடிலோடு இழைந்து. ஜாரெலுக்குத் துணையாக வாசித்த பிரெட் காக்கர்ஹாமின் பாஞ்சோவில் அந்த வழுக்கலைக் கேட்கலாம். கைல் கிரீட் என்ற இன்னொரு கூட்டாளி கட்டட வேலை தெரிந்தவர். சமையலறை மேசைகளுக்கு ஒட்டும் பார்மைக்கா தகட்டையே பாஞ்சோவின் கழுத்தில் ஒட்டி வழுவழுப்பாக்கினார். அவர் செய்த பாஞ்சோக்களுக்கு இன்று பெரிய மதிப்பு.

ஜாரெல் குடும்பத்தின் கதையில் சாராயத்துக்கும் இடம் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. மலை நிலத்தில் விளைந்த சோளத்தை வண்டியில் ஏற்றி விற்றால் கட்டுப்படியாகாது. காய்ச்சி விற்றால் காசு. 1908-ல் வட கரோலினா மக்கள் வாக்களித்து மதுவிலக்கைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தொழில் காட்டுக்குள் போயிற்று. அந்தக் குடும்பத்துக்கும் அதில் பங்கு இருந்தது; இளவயதில் தானும் அதில் இருந்ததை டாமி பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். 1923-ல் நைனா லோவை மணந்தார். 1925-ல் நெடுஞ்சாலைத் துறை வேலை. அத்தோடு சோற்றுக்கு நிச்சயம் வந்தது.

அதே பத்தாண்டில் அந்த மலைகளுக்கு வெளியே பெரிய மாற்றம் நடந்தது. 1923-ல் அட்லாண்டாவில் பிடிலிங் ஜான் கார்சன் என்பவரின் வாசிப்பை ஓகே நிறுவனம் இசைத்தட்டில் பதிந்து விற்றது. எதிர்பாராத விற்பனை. கிராமத்துக்காரர்களுக்கும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கும் ஆசை இருக்கிறது என்று நிறுவனங்கள் புரிந்துகொண்டன. 1927-ல் டென்னசியின் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் என்பவர் நடத்திய ஒலிப்பதிவில்தான் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழுவும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் வெளியே தெரிந்தார்கள். அதே 1927-ல் டாமியின் அப்பா பென் ஜாரெலும் டா கோஸ்டா வோல்ட்ஸ் குழுவோடு இண்டியானாவுக்குப் போய் ஜென்னட் நிறுவனத்துக்குப் பதிவு செய்தார். குழு அதோடு நின்றுபோனது. அந்தச் சில இசைத்தட்டுகளைத்தான் பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடிக் கேட்டார்கள். அதில் பிடில் வாசித்தவரின் மகன் உயிரோடு இருக்கிறார் என்பது அவர்களுக்கு ஒரு புதையல் செய்தி.

ஆனால் இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரு கெடுதலையும் செய்தன. விற்பனைப் பட்டியலை இரண்டாகப் பிரித்தார்கள். வெள்ளையரின் பிடில் இசை ஒரு பட்டியலில். கறுப்பரின் பாடல்கள் 'இன இசைத்தட்டு' என்று இன்னொரு பட்டியலில். கறுப்பர் என்றால் புளூஸ் பாடவேண்டும், வெள்ளையர் என்றால் பிடில் வாசிக்கவேண்டும் என்பது வியாபாரக் கணக்கு. பிடில் வாசித்த கறுப்பருக்கு இரண்டு பட்டியலிலும் இடம் இல்லாமல் போயிற்று. மிகச் சிலரையே பதிவு செய்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் பாஞ்சோவும் பிடிலும் வெள்ளைக்காரர் கருவிகள் என்று அமெரிக்கர்களே நம்பும் நிலை வந்தது. சாலமன் நார்த்தப் 1853-ல் எழுதிய தன்வரலாறு சினிமாவாகவும் வந்து பலருக்குத் தெரியும். கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட அந்தக் கறுப்பர் ஒரு பிடில்காரர். தென்மாநிலத்துத் தோட்ட முதலாளிகளின் வீட்டு ஆட்டங்களுக்கு வாசித்தவர்களில் கணிசமானோர் அடிமைகள். இத்தனை இருந்தும் நினைவு அழிந்தது.

அழியாமல் வைத்திருந்தவை சில குடும்பங்கள். அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் ஜாரெலைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் ஆகும்.

வட கரோலினாவிலேயே, ரவுண்ட் பீக்குக்குக் கிழக்கே, ஆரஞ்சு மாவட்டத்தில் 1918-ல் பிறந்தவர் ஜோ தாம்சன். கறுப்பர். தாத்தா அடிமையாக இருந்தவர். அவரும் பிடில் வாசித்தவர். அப்பா ஜான் ஆர்ச் தாம்சன் பிடில், சித்தப்பா மகன் ஓடெல் பாஞ்சோ. ஜோவுக்கு ஏழெட்டு வயதில் ஒரு பிடில் கிடைத்தது, தந்தி இல்லை. கொசுவலைக் கதவிலிருந்து கம்பியை உருவிப் பூட்டிக்கொண்டார் என்பது அவர் சொல்லும் கதை. அறுவடை முடிந்ததும் சோளக்கதிர் உரிக்க அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். வேலை முடிந்தால் சாப்பாடு, பிறகு ஆட்டம். தாம்சன் வீட்டுப் பிள்ளைகள் கறுப்பர் வீடுகளிலும் வாசித்தார்கள், வெள்ளையர் வீடுகளிலும் வாசித்தார்கள்.

பிறகு இரண்டாம் உலகப்போர். ஜோ ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, மெபேன் என்ற ஊரில் மரச்சாமான் தொழிற்சாலையில் மரம் அறுக்கும் வேலையில் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் அதே வேலை. ஊரில் ஆட்டங்கள் குறைந்தன. புளூகிராஸ் என்ற புது மேடை இசை வந்தது, ராக் வந்தது, தொலைக்காட்சி வந்தது. பிடிலைக் கேட்க ஆள் இல்லை. 1970களின் தொடக்கத்தில் நாட்டார் இசை ஆய்வாளர் கிப் லார்னெல் தேடிவந்து ஜோவையும் ஓடெலையும் மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம்தான் விழாக்கள், மேடைகள், நியூயார்க்கின் கார்னகி ஹால் வரை. 1994-ல் ஓடெல் கார் மோதி இறந்தார். 2001-ல் ஜோவுக்குப் பக்கவாதம். எண்பத்திரண்டு வயதில் அதிலிருந்து எழுந்து மறுபடி வில்லைப் பிடித்தார். இந்த ஒரு செயலுக்காகவே அவரை வணங்கலாம்.

இதே மாநிலத்தில் மூன்றாவதாக ஒரு பெண்மணியும் உண்டு. எட்டா பேக்கர், 1913-ல் பிறந்தவர். மூன்று வயதில் அப்பா பூன் ரீடிடம் கிடார் பிடிக்கத் தொடங்கினார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். மார்கன்டன் ஊரில் நெசவாலையில் வேலை செய்தார். 1956-ல் யாரோ வந்து அவருடைய வாசிப்பைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அந்த இசைத்தட்டைக் கேட்டு நகரத்துக் கிடார்காரர்கள் அவருடைய விரல்முறையைப் பயின்றுகொண்டிருந்த காலத்தில் அவர் ஆலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். 1967 ஒரே ஆண்டில் கணவரும் போனார், வியட்நாம் போரில் ஒரு மகனும் போனான். அறுபது வயதில் ஆலை வேலையை விட்டு மேடையேறினார். 1991-ல் அதே தேசிய மரபு விருது. 2006-ல், 93 வயதில் இறக்கும்வரை கிடாரும் பாஞ்சோவும் கையில் இருந்தன.

ரோடு, மர ஆலை, நெசவாலை. மூவருக்கும் இசை குடும்பத்திலிருந்து வந்தது. சோறு வேறு இடத்திலிருந்து வந்தது. மூவரையும் உலகம் கண்டுகொண்டது அவர்கள் நடுவயதைத் தாண்டியபிறகு. இது தற்செயல் இல்லை. சம்பளம் தரும் மேடைகள் இந்த இசையைக் கைவிட்ட காலத்தில் அதை வைத்திருக்க முடிந்தவர்கள், அதை நம்பிப் பிழைக்க வேண்டியிராதவர்கள்தாம். 1940களில் பில் மன்றோவும் ஏர்ல் ஸ்கிரக்ஸும் புளூகிராஸ் என்ற வேகமான, மேடைக்கு ஏற்ற பாணியை உண்டாக்கியபோது, அதில் ஒவ்வொருவரும் முறைவைத்துத் தனியாகத் திறமை காட்டினார்கள். ஓல்ட் டைமில் அந்தப் பழக்கம் இல்லை. எல்லாரும் ஒரே மெட்டை, ஒன்றாக, திரும்பத் திரும்ப, ஆடுகிறவர்களுக்கு அலுக்கும்வரை வாசிப்பார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது சலிப்பாக இருக்கலாம். சேர்ந்து வாசிக்கிறவருக்கும் ஆடுகிறவருக்கும் இதில் உள்ள இன்பம் வேறெதிலும் இல்லை. அதனால்தான் அது டிக்கெட் விற்ற அரங்கை இழந்தும் அடுப்பங்கரையை இழக்கவில்லை.

டோஸ்ட் ஊருக்குத் திரும்புவோம். 1968-ல் ஜாரெல், ஆஸ்கர் ஜென்கின்ஸ், பிரெட் காக்கர்ஹாம் மூவரும் வாசித்த இசைத்தட்டைக் கவுன்ட்டி என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது. ஆஸ்கர் ஜென்கின்ஸின் அப்பா பிராங்க், பென் ஜாரெலோடு 1927-ல் அதே குழுவில் இருந்தவர். ஆக இரண்டு அப்பாக்கள் பதிந்த நாற்பதாண்டுகளுக்குப் பின் இரண்டு மகன்கள் பதிந்தார்கள். 1972-ல் கைல் கிரீடோடு இன்னொரு இசைத்தட்டு. 1976-ல் பிடில் மட்டுமே வைத்து ஒன்று.

இசைத்தட்டைக் கேட்டவர்கள் முகவரி விசாரித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். நியூயார்க்கில் கணக்கு வாத்தியாரான ரே ஆல்டன் வந்தார். அவர் பதிந்துவைத்த ஒலிநாடாக்கள் இன்று பெரிய ஆவணம். பிராங்க்ஸில் வளர்ந்து பொறியியல் படித்த புரூஸ் மால்ஸ்கி வந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு உலகறிந்த பிடில்காரர் ஆனார். பின்னாளில் தேசிய வானொலியில் செய்தி வாசித்த பால் பிரவுன் வந்தார். நீளமுடியும் கிழிந்த ஜீன்ஸுமாக இன்னும் எத்தனையோ பேர். வியட்நாம் போரும் தலைமுறைச் சண்டையும் நாட்டை இரண்டாக்கியிருந்த காலம் அது. கட்டுப்பெட்டியான மலைநாட்டில், இந்தப் பிள்ளைகளை ஒரு சாலைத் தொழிலாளி வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம். ஜாரெல் உள்ளே கூப்பிட்டார். சமைத்துப் போட்டார், தங்கச் சொன்னார். பாடத்துக்குக் காசு வாங்கவில்லை. ஒரே மெட்டை எத்தனை தடவை கேட்டாலும் வாசித்துக் காட்டினார். இடையிடையே கதைகள்: எந்த மெட்டை எந்தக் கிழவரிடம், எந்த வீட்டு ஆட்டத்தில் கற்றார் என்று. மெட்டோடு சேர்த்து ஆளையும் கொடுத்தார்.

இதுதான் இந்த இசை பிழைத்த இடம் என்று நினைக்கிறேன். ஆவணக் காப்பகங்கள் முக்கியம். ஒலிநாடா இல்லாவிட்டால் பாதி போயிருக்கும். ஆனாலும் ஒலிநாடா வில்லின் அழுத்தத்தைக் காட்டாது, மணிக்கட்டின் திருப்பத்தைக் காட்டாது. அதற்கு எதிரே உட்காரவேண்டும். குடும்பம் என்ற சொல்லின் எல்லையைச் சற்று விரித்து, அயலார் பிள்ளைகளையும் எதிரே உட்காரவைத்த முதியவர்கள் இருந்ததால்தான் சங்கிலி அறுந்துவிடவில்லை.

ஜாரெலிடம் வந்தவர்களில் பாடகி ஆலிஸ் ஜெரார்டும் நாட்டாரியல் ஆய்வாளர் சீசி கான்வேயும் இருந்தார்கள். இருவரும் லெஸ் பிளாங்க் என்ற ஆவணப்பட இயக்குநரோடு சேர்ந்து ஜாரெலைப் பற்றி அரைமணி நேரப் படம் எடுத்தார்கள், 1983-ல் வெளிவந்தது. அதில் அவர் வாசிக்கிறார், சமைக்கிறார், சாவைப் பற்றிப் பேசுகிறார், சிரிக்கிறார். ஜெரார்ட் 1987-ல் இந்த இசைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். கான்வே பாஞ்சோவின் ஆப்பிரிக்க வேர்களைத் தேடிப் போனார். அந்தத் தேடல் 1995-ல் நூலாயிற்று. பிறகு 2005 ஏப்ரலில் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பர் பாஞ்சோ கூடுகை என்ற மாநாடு நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் கான்வே ஒருவர்.

அந்தக் கூடுகைக்கு வந்த மூன்று கறுப்பின இளைஞர்கள் அங்கே ஒருவரையொருவர் சந்தித்தார்கள்: ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன். ஜோ தாம்சனைப் பற்றி அறிந்து, மெபேனில் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். வியாழன்தோறும் மாலையில் போவார்கள். எண்பத்தாறு வயதுக்காரர் பிடில் எடுப்பார். அவர்கள் பாஞ்சோவிலும் பிடிலிலும் தொடர்வார்கள். பாடம் என்று அவர் எதையும் பிரித்துச் சொல்லவில்லை. வாசித்தார், கூடவே வாசிக்கவைத்தார். ஓடெலின் இடத்தில் இப்போது இந்தப் பிள்ளைகள். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்களுடைய இசைத்தொகுப்பு 2011-ல் கிராமி விருது பெற்றது. தாம்சனுக்கு 2007-ல் தேசிய மரபு விருது கிடைத்திருந்தது. தன் வீட்டில் பயின்றவர்கள் கிராமி வாங்கியதைப் பார்த்துவிட்டு 2012 பிப்ரவரியில், 93 வயதில் இறந்தார்.

கிடன்ஸ் அங்கே நிற்கவில்லை. அமெரிக்காவில் அடிமையாக்கப்பட்ட உமர் இப்னு சைத் என்ற இஸ்லாமிய அறிஞரின் வாழ்க்கையை மைக்கேல் ஏபெல்ஸுடன் சேர்ந்து ஓபெராவாக ஆக்கினார். அதற்கு 2023-ல் புலிட்சர் பரிசு. 2024-ல் உலகெங்கும் ஒலித்த பியான்சேயின் ஒரு கன்ட்ரி பாட்டில் தொடக்கத்தில் வரும் பாஞ்சோ கிடன்ஸ் வாசித்தது. அந்தக் கைவாகுக்குப் பின்னால், மெபேன் ஊரின் ஓய்வுபெற்ற மர ஆலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டு வியாழக்கிழமைகள் இருக்கின்றன. பாட்டைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

டாமி ஜாரெல் 1985 ஜனவரி 28-ஆம் தேதி இறந்தார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் 84 வயது. பக்கத்து நகரமான மவுண்ட் ஏரியில் அவருடைய பிறந்தநாளை ஒட்டி அவர் பெயரில் விழா எடுக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவின் கேலக்ஸ் ஊரில் 1935 முதல் நடக்கும் பிடில் போட்டிக்கு ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். மேடையில் நடப்பதைவிட மைதானத்துக் கூடாரங்களுக்கு நடுவே விடியவிடிய நடக்கும் வாசிப்புதான் அங்கே விசேஷம். ரவுண்ட் பீக் பாணியை இன்று ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வாசிக்கிறார்கள்.

இந்த இசையைக் கேட்டுப் பார்க்க விரும்பும் தமிழ் வாசகர் ஜாரெல் தனியாகப் பிடில் வாசித்த 1976 பதிவிலிருந்து தொடங்கட்டும். பிறகு ஜோவும் ஓடெலும் சேர்ந்து வாசித்தவற்றைக் கேட்கட்டும். முதல் தடவை எல்லா மெட்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒரே மெட்டை நான்கைந்து தடவை கேளுங்கள்; இரண்டாம் தந்தியில் ஓடும் சுருதியைக் காது பிடித்துக்கொண்டதும் மேலே நடக்கும் வேலைப்பாடு தெரியத் தொடங்கும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது அதிக நேரம் பிடிக்காது.